வெள்ள அறிக்கையில் ‘இல்-பிரிப்பேர்ட்’ என்று எழுதலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கத்து வெள்ளம் பற்றி உதவி நிறுவனத்துக்கு அனுப்பும் ஆங்கில அறிக்கையில் ‘த பீப்பிள் வேர் இல் பிரிப்பேர்ட்’, அதாவது சனத்தின் ஆயத்தம் சரியாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலதிகாரி அதை ‘அன்பிரிப்பேர்ட்’, ஆயத்தமே இல்லை என்று ஆக்கிவிட்டார். கணினி இடையில் ஹைபன் (சிறுகோடு) கேட்டு அடிக்கோடு போடுகிறது. கூட வேலை செய்கிற ஒருவர் ‘இல்’ என்றால் சுகமில்லை என்பதுதானே, சனம் வருத்தமாய்க் கிடந்தது என்று வெள்ளைக்காரன் விளங்கிக்கொள்ள மாட்டானா என்கிறார். எது சரி? இலக்கணப்படி உங்களுடையதும் சரி, மேலதிகாரியுடையதும் சரி. ஆனால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. வெள்ளத்துக்கு முதல் அந்தக் கிராமத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். கேள்வியில் அது இல்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ‘இல்’. இது பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். கெட்டது, தீயது என்பதே அதன் முதற்பொருள். நோய் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. பெயரெச்சம் போன்ற ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி வரும்போது அந்தப் பழைய பொருள்தான் வேலை செய்கிறது: மோசமாக, குறைபாடாக. ‘இல்-இன்ஃபோர்ம்ட்’ என்றால் தகவல் சரியாகத் தெரியாதவர், ‘இல்-டைம்ட்’ என்றால் நேரம் பார்க்காமல் செய்த காரியம், ‘இல்-எக்விப்ட்’ என்றால் போதிய கருவி இல்லாதவர். ஒன்றிலும் காய்ச்சல் இல்லை. ஆனால் உங்கள் நண்பரின் பயம் முழுக்க வீணுமல்ல. ‘வேர் இல்’ என்று ஹைபன் இல்லாமல் எழுதி, அந்த இடத்தில் வரியும் முறிந்துவிட்டால், வாசிப்பவரின் கண் ஒரு கணம் ‘சுகமில்லாமல் இருந்தார்கள்’ என்று எடுத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். வெள்ளத்துக்குப் பிறகு வயிற்றோட்டமும் எலிக்காய்ச்சலும் பற்றி அதே பக்கத்தில் எழுதியிருந்தால் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். ஹைபன் போடுவதற்கு இலக்கண நூலைவிட இதுவே நல்ல காரணம்.

இனி பொருள். ‘பிரிப்பேர்ட்’ என்றால் ஆயத்தமானவர். அதற்கு முன்னால் ‘அன்’ வந்தால் ஆயத்தமே இல்லை. ‘இல்’ வந்தால் ஏதோ ஆயத்தம் இருந்தது, ஆனால் அது உருப்படியாக இல்லை. ‘அண்டர்’ வந்தால் ஆயத்தம் சரியான திசையில்தான் போனது, அளவு காணவில்லை. அகராதிகள் இந்த மூன்றுக்கும் நடுவில் இவ்வளவு கூராக வரம்பு கட்டுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘இல்-பிரிப்பேர்ட்’ என்பதற்கு ‘ஆயத்தமில்லாத’ என்றே பொருள் எழுதியிருக்கும் அகராதியும் உண்டு, செய்தித்தாளில் ஒன்றுக்குப் பதில் மற்றது வருவதும் உண்டு. ஆகவே மேலதிகாரியிடம் போய் ‘நீங்கள் எழுதியது பிழை’ என்று வாதாட இதை எடுக்கவேண்டாம். ஆனால் அறிக்கையை வாசித்துப் பணம் ஒதுக்குகிற மேசையில் இருப்பவர் முன்னொட்டைக் கவனிக்கிறவராக இருப்பார் என்று எண்ணி எழுதுவதே பாதுகாப்பு.

நம் பக்கத்து நிகழ்வுகளில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் சுனாமி அடித்தபோது இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்று சனத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இல்லை. அங்கே ‘அன்பிரிப்பேர்ட்’ என்ற சொல் அப்படியே பொருந்தும். அதற்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, கிராம மட்டம் வரை குழுக்கள் வந்தன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது அது வருவது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி எழுதும்போது ‘அன்பிரிப்பேர்ட்’ என்றால் அந்த அறிவித்தல், அந்தக் குழு, அந்தக் கூட்டம் எல்லாம் நடக்கவேயில்லை என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கிறீர்கள். ‘கோட் ஓஃப் கார்ட்’, அதாவது எதிர்பாராமல் அகப்பட்டுக்கொண்டார்கள் என்ற தொடரும் அங்கே சரிவராது. குறிப்பிட்ட ஒரு கிராமத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால் அதை அந்தக் கிராமத்தின் பெயரோடு தனியாக எழுதலாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் வெள்ளம் பரவியதைப் பற்றி எழுதுகிறவருக்கு இன்னும் கவனம் வேண்டும். ‘அன்பிரிப்பேர்ட்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி உடனே வரும்: கதவு திறக்கிற செய்தியை யார், யாருக்கு, எத்தனை மணிக்குச் சொன்னார்கள்? உங்களிடம் அதற்குப் பதில் இருந்தால் அந்தப் பதிலையே எழுதுங்கள், அடைமொழி தேவைப்படாது.

‘அண்டர்பிரிப்பேர்ட்’ என்பதை நம் ஆட்கள் அதிகம் பாவிப்பதில்லை, பாவிக்கலாம். அமெரிக்காவில் உயர்கல்வி பற்றி எழுதுகிறவர்கள், பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்ட ஆனால் அந்த மட்டத்துக்கு அடிப்படை போதாத மாணவரை இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். பாடசாலை பற்றிய அறிக்கை எழுதும்போது, கணித ஆசிரியர் பாதி வருடம் இல்லாமல் சாதாரண தரப் பரீட்சைக்குப் போன பிள்ளைகளை ‘இல்-பிரிப்பேர்ட்’ என்பதைவிட இப்படிச் சொல்வது நியாயம், பிள்ளை படித்தது, பாடத்திட்டம்தான் முடியவில்லை. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும்: உருளை போதியளவு ஓடாமல் முதல் நாளே பந்து தாறுமாறாக எழும்புகிற ஆடுகளத்தை வர்ணனையாளர்கள் ‘அண்டர்பிரிப்பேர்ட்’ என்பார்கள். இதற்கு ஹைபன் வேண்டாம், ஒரே சொல்.

இவ்வளவையும்விட ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வரைவின் மூன்றாவது வசனம் அங்கேதான் விழுந்திருக்கிறது. ‘த ஃபமிலீஸ் வேர் நொட் பிரிப்பேர்ட் டு லீவ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மனதில் இருந்தது ‘குடும்பங்கள் வெளியேறத் தயாராக இருக்கவில்லை’ என்ற தமிழ் வசனம். தமிழில் ‘தயாராக இல்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம்: ஆயத்தம் முடியவில்லை என்பது ஒன்று, விருப்பமில்லை, மறுத்துவிட்டார்கள் என்பது மற்றது. சந்தர்ப்பம் பார்த்து நாங்கள் விளங்கிக்கொள்வோம். ஆங்கிலத்திலும் அந்த இரட்டை இருக்கிறது, ஆனால் ‘பிரிப்பேர்ட்’ என்பதற்குப் பின்னால் ‘டு’வும் ஒரு வினையும் வந்து, முன்னால் ‘நொட்’டும் நின்றால் தராசு மறுப்பின் பக்கம் பலமாகச் சாய்ந்துவிடும். உங்கள் வசனத்தை வாசித்தவர், ஆடு மாட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று சனம் அடம்பிடித்தது என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் நடந்தது பெட்டி படுக்கை கட்ட நேரம் போதாதது. அடுத்த வருட வேலைத்திட்டத்தில் படகுக்குக் கேட்ட பணத்துக்குப் பதிலாக ‘விழிப்புணர்வுக் கருத்தரங்கு’ வந்தால் ஆச்சரியப்படவேண்டாம்.

இதைத் தவிர்க்க வழி இலகு. ஆயத்தமின்மையைச் சொல்லும்போது ‘ஃபோர்’ போட்டு ஒரு பெயர்ச்சொல்லைப் பின்னால் வையுங்கள்: ‘அன்பிரிப்பேர்ட் ஃபோர் இவாகுவேஷன்’, ‘இல்-பிரிப்பேர்ட் ஃபோர் த ஃப்ளட்’. மறுப்பைத்தான் சொல்லவேண்டுமென்றால் ‘ரெஃப்யூஸ்ட்’ அல்லது ‘அன்வில்லிங்’ என்று நேராக எழுதுங்கள். ‘இல்-பிரிப்பேர்ட் டு’ என்று வினையோடு வருவதும் ஆங்கிலத்தில் வழக்கம்தான். ‘இல்-பிரிப்பேர்ட் டு கோப்’ என்றால் சமாளிக்கும் ஆயத்தம் போதவில்லை என்பதே பொருள், அங்கே மறுப்பு வராது. சிக்கல் ‘நொட் பிரிப்பேர்ட் டு’வில்தான். ‘ஃபோர்’ எழுதவேண்டிய இடத்தில் ‘ஒஃப்’ எழுதுவதும் ‘எகெய்ன்ஸ்ட்’ எழுதுவதும் அறிக்கைகளில் அடிக்கடி காண்கிற பிழை. ‘வெள்ளத்துக்கு எதிரான ஆயத்தம்’ என்று தமிழில் யோசிப்பதால் வருவது அது. அதேபோல் ‘தே அன்பிரிப்பேர்ட்’ என்று ‘வேர்’ இல்லாமல் எழுதுவது. ‘அன்பிரிப்பேர்ட்’ இங்கே வினையல்ல, ‘ஆர்’, ‘வேர்’ இல்லாமல் தனியே நிற்காது.

உங்கள் வசனத்துக்குத் திரும்பினால், எனக்கு அதில் உறுத்துவது அடைமொழியைவிட எழுவாய்தான். ‘த பீப்பிள்’ என்று தொடங்கி எந்த முன்னொட்டைப் போட்டாலும் குறை சனத்தின் தலையில் விழும். எது குறைந்தது என்று பிரித்துப் பார்த்தால் பொருத்தமான சொல் தானாக வரும். படகும் கயிறும் உயிர்காப்பு அங்கியும் இல்லையென்றால் அது ‘இல்-எக்விப்ட்’, அதுவும் கிராமக் குழுவைப் பற்றியோ பிரதேச செயலகத்தைப் பற்றியோ சொல்லவேண்டியது. ஆளும் பணமும் போதவில்லையென்றால் ‘அண்டர்-ரிசோர்ஸ்ட்’. செய்தி வரவில்லையென்றால் ‘ஹாட் நொட் பீன் வோர்ன்ட்’, எச்சரிக்கப்படவில்லை என்று வினையாகவே எழுதுவது. மீளக்குடியேறி, வங்கியில் சேமிப்பு ஒன்றும் இல்லாமல், தற்காலிக கூரைக்குக் கீழே இருந்த குடும்பத்தை ‘இல்-பிரிப்பேர்ட்’ என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆயத்தமாவதற்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும். அங்கே ‘வல்னரபிள்’, இலகுவில் பாதிக்கப்படக்கூடியவர் என்ற சொல்லை உதவி நிறுவனங்கள் பாவிக்கும், அது தேய்ந்துபோன சொல்தான், இருந்தாலும் பழியைப் போடாது.

உதாரணத்துக்கு ஒரு வசனத்தைத் திருத்திப் பார்ப்போம். முதல் வரைவு: ‘த பீப்பிள் வேர் இல் பிரிப்பேர்ட் ஃபோர் த ஃப்ளட்.’ குழுவிடம் விசாரித்ததில், ஐப்பசியில் கூட்டம் நடந்தது, இடம்பெயரும் பாதை வரைந்து வைத்திருந்தார்கள், ஆனால் பாதையில் இருந்த பாலம் முதலே மூழ்கிவிட்டது, உலருணவு இரண்டு நாளுக்குத்தான் இருந்தது என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால்: ‘த வில்லேஜ் கொமிட்டி ஹாட் எ பிளான், பட் இட் வோஸ் இல்-பிரிப்பேர்ட் ஃபோர் த லொஸ் ஓஃப் த பிரிட்ஜ், அன்ட் இட்ஸ் ஃபூட் ஸ்டொக் லாஸ்டட் ஒன்லி டூ டேய்ஸ்.’ குழுவிடம் திட்டம் இருந்தது, பாலம் போகும் என்பதற்கு ஆயத்தம் இருக்கவில்லை, உணவு இரண்டே நாளைக்கு. இங்கே ‘இல்-பிரிப்பேர்ட்’ தன் முழுப் பொருளோடு நிற்கிறது, ஏனென்றால் இருந்த ஆயத்தமும் அதில் இருந்த ஓட்டையும் பக்கத்திலேயே தெரிகின்றன. கூட்டமும் இல்லை, திட்டமும் இல்லை என்று தெரிந்திருந்தால் மேலதிகாரியின் திருத்தமே சரி, அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஹைபன் விஷயத்தில் ஒரு பகுதி உறுதியானது, ஒரு பகுதியில் ஆளுக்கொரு வழக்கம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கட்டாயம் போடவேண்டும்: ‘அன் இல்-பிரிப்பேர்ட் கொமிட்டி’. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ‘வேர்’ போன்ற வினைக்குப் பின்னால் வரும்போது சிக்காகோ பாணிக் கையேட்டின்படி போகிறவர்கள் ஹைபனை எடுத்துவிடுவார்கள். அகராதியில் தலைச்சொல்லே ஹைபனோடு இருப்பதைப் பின்பற்றுகிற பிரித்தானியப் பதிப்பகங்கள் எங்கு வந்தாலும் வைத்திருக்கும். இலங்கையில் நாங்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கத்தில் எழுதுகிறோம், சுகமில்லை என்ற அர்த்தம் குறுக்கே வருகிற ஆபத்தும் இருக்கிறது, ஆகவே எல்லா இடத்திலும் போடுங்கள் என்பது என் யோசனை. அறிக்கை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சரி. ஒரு பக்கத்தில் போட்டு அடுத்த பக்கத்தில் விடுவதுதான் கண்ணில் குத்தும். ‘புவர்லி பிரிப்பேர்ட்’, மோசமாக ஆயத்தமானவர் என்று எழுதினால் ஹைபன் வேண்டாம். ‘லி’யில் முடிகிற வினையடைக்குப் பின்னால் அது தேவையில்லை என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. ஒரு சின்ன எச்சரிக்கை: பிரித்தானியப் பேச்சில் ‘புவர்லி’ தனியே வந்தால் அதுவும் சுகமில்லை என்பதுதான். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லவேண்டாம்.

அழுத்தம் கொடுக்கிற சொற்களில் ‘கம்ப்ளீட்லி’, ‘டோட்டலி’ இரண்டும் ‘அன்பிரிப்பேர்ட்’டோடு நன்றாகச் சேரும். முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியும். ‘கம்ப்ளீட்லி இல்-பிரிப்பேர்ட்’ என்றால் காதுக்கு இடறும், ஏனென்றால் ‘இல்’ ஏற்கெனவே கூடக் குறைய இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறது. ‘வோஃபுலி’, பரிதாபமான அளவுக்கு என்பது இரண்டோடும் வரும், ஆனால் அது கண்டனச் சொல். அரச அலுவலகத்தைப் பற்றி எழுதும்போது அதன் பிரதி கச்சேரிக்கும், அதாவது மாவட்டச் செயலகத்துக்கும் போகும் என்பதை நினைத்துக்கொண்டு பாவியுங்கள். இரண்டு பிரிவுகளை ஒப்பிட ‘மோர் இல்-பிரிப்பேர்ட்’ என்று எழுதியிருப்பதை அங்கங்கே பார்க்கலாம். ‘வேர்ஸ் பிரிப்பேர்ட்’ என்பதுதான் இயல்பான ஆங்கிலம், மிக மோசமானதற்கு ‘வேர்ஸ்ட்-பிரிப்பேர்ட்’. பெயர்ச்சொல்லாக எழுதவேண்டி வந்தால் ‘இல் பிரிபரேஷன்’ என்று போகவேண்டாம், ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. ‘புவர் பிரிபரேஷன்’ அல்லது ‘லாக் ஓஃப் பிரிப்பேர்ட்னெஸ்’ என்று எழுதுங்கள். அனர்த்த வேலையில் ‘பிரிப்பேர்ட்னெஸ்’ ஒரு கலைச்சொல். பாதிப்பைக் குறைத்தல், முன்னாயத்தம், துலங்கல், மீட்சி என்ற நான்கு கட்டங்களில் இரண்டாவது அது. அதனால் அந்தச் சொல்லை வைத்தால் குழு, திட்டம், ஒத்திகை, கையிருப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சொற்கள் மனிதரை விட்டுப் பொருளுக்குப் போகும்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கமநல சேவை நிலையத்துக்கு அழிவு அறிக்கை எழுதுகிறவர்களும் இதே கேள்வியோடு வருவதால் சொல்கிறேன். நிலத்தைப் பண்படுத்தியது சரியில்லை என்பதற்கு ‘புவர்லி பிரிப்பேர்ட்’ என்பதே பொருத்தம். முதல் உழவுக்கும் இரண்டாம் உழவுக்கும் இடையில் களை முளைத்து மடிய இரண்டு கிழமையளவு விடாமல், அடுத்தடுத்து உழுது, மட்டப்படுத்தாமல் விதைத்த வயலில் மேட்டில் புல்லும் பள்ளத்தில் அழுகின விதையும்தான் மிஞ்சும். அந்த வயல் ‘புவர்லி பிரிப்பேர்ட்’. உழவே படாத நிலம் ‘அன்பிரிப்பேர்ட்’. மழைக்கு முதல் புழுதியில் விதைக்கிற மானாவாரிக் காணியைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ‘அன்பிரிப்பேர்ட்’ என்று எழுதினால் அவருக்குப் புழுதி விதைப்பு என்றால் என்ன என்று தனியாக ஒரு வரி விளக்கவேண்டியிருக்கும். உரை, ஆவணம், பாடத்திட்டம் போன்றவற்றுக்கு ‘இல்-பிரிப்பேர்ட்’ வரலாம். ‘அன்பிரிப்பேர்ட் ஸ்பீச்’ என்றால் அது குறையே இல்லை, முன்னேற்பாடில்லாமல் அந்த இடத்திலேயே பேசியது. திட்டத்தையோ யோசனையையோ ‘ஹாஃப்-பேக்ட்’ என்பவர்கள் உண்டு. அரைவேக்காடு என்று நாங்கள் சொல்வதற்குச் சமம், அலுவலக அறிக்கையில் வேண்டாம்.

‘அன்ரெடி’ என்றொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது, இன்றைய எழுத்தில் அரிது. ‘நொட் ரெடி’ போதும். அந்தச் சொல்லை ஆங்கிலேயருக்கே நினைவில் வைத்திருப்பது எதெல்ரெட் என்ற அரசனின் பட்டப்பெயர். 978இல் அரசனாகி, டேனியரிடம் அடிவாங்கி, 1016இல் இறந்தவன். ‘அன்ரெடி’ என்பது ஆயத்தமில்லாதவன் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது நல்ல ஆலோசனை இல்லாதவன் என்ற கேலி. ‘எதெல்ரெட்’ என்ற பெயருக்கு உயர்ந்த ஆலோசனை என்று பொருள் என்பதால் வந்த சிலேடை.

அறிக்கை இன்று பின்னேரத்துக்குள் போயாகவேண்டும், கிராமக் குழுவிடம் விசாரிக்க நேரமில்லை என்றால் ‘நொட் அடிக்குவெட்லி பிரிப்பேர்ட்’ என்று எழுதிவிடுங்கள். ஆயத்தம் போதவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. இருந்ததா இல்லையா, தரமா அளவா என்பதில் வாக்குக் கொடுக்காது, ஹைபனும் கேட்காது, பின்னால் ‘ஃபோர்’ வைத்தால் மறுப்பு என்ற அர்த்தமும் வராது. மூன்றாவது வசனத்தை மட்டும் எப்படியாவது மாற்றிவிட்டு அனுப்புங்கள்.